ஊசி போட்ட நேரத்தை எழுதி வையுங்கள்

கல்யாணமாகி இரண்டு தீபாவளி கழிந்தால் போதும், "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று லயத்தில் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பதெல்லாம் பெண்ணைத்தான். சகோதர சகோதரிகளே, குறை ஆணிடமும் இருக்கலாம்! ஓராண்டாகியும் கரு தங்காவிட்டால் (மனைவிக்கு 35 வயதாகியிருந்தால் ஆறு மாதம்) இருவருமே டாக்டரைப் பாருங்கள்.

சில பெண்களுக்கு மாதாமாதம் முட்டை வெளியாவதில்லை. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும். இவர்களுக்கு லெட்ரோசோல் அல்லது குளோமிஃபீன் மாத்திரையை ஐந்து நாள் கொடுப்பார்கள். ஸ்கேனில் முட்டைப் பை 18, 20 மில்லிமீட்டர் வளர்ந்தது தெரிந்ததும் சிலருக்கு எச்.சி.ஜி. ஊசி போடுவார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீரில் இந்த ஹார்மோன் இருப்பதை 1920களின் கடைசியிலேயே பெர்லினில் அஷ்ஹைம், ஸோண்டெக் என்ற இருவர் கண்டறிந்தார்கள். மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி "முட்டையை விடு" என்று கொடுக்க வேண்டிய உத்தரவை இந்த ஊசி கொடுக்கிறது.

ஊசி போட்டு 36 முதல் 40 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். திங்கள் இரவு பத்து மணிக்குப் போட்டால் புதன் காலை பத்து மணிக்குப் பிறகு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியான முட்டை ஒரு நாள்தான் தாங்கும். டாக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், செவ்வாய், புதன் இரவுகளில் கணவன் மனைவி சேர்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டு ராத்திரியும் அவருக்கு மில்லில் இரவு ஷிப்ட் என்றால் பட்ட பாடெல்லாம் வீண்தானே? முன்கூட்டியே ஷிப்ட் மாற்றிக் கேளுங்கள். "சிகிச்சை" என்றால் போதும். மண்டோரிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை தேடுவதும் இதே ஹார்மோனைத்தான். ஊசி மருந்து பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட உடம்பில் இருக்கும். அவசரப்பட்டுப் பார்த்தால் பொய்க்கோடு விழும். மாமியாரிடம் சொல்லி, லயம் முழுக்கப் பரவி, பிறகு இல்லை என்றால் அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்! இரண்டு வாரம் பொறுங்கள்.

வயிறு உப்பி, மூச்சு முட்டி, சிறுநீர் குறைந்தால் மட்டும் பொறுக்காதீர்கள். கிள்ளான்காரர்கள் உடனே தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி போட்டதைச் சொல்லுங்கள்.

கோலாலம்பூர் ஜாலான் ராஜா லாவுட்டில் உள்ள தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தில் விசாரிக்கலாம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் தாண்டி பேங்க் நெகாராவில் இறங்குங்கள். சோதனைக்குழாய்க் குழந்தை போன்ற சிகிச்சைக்கு 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்தும் பணம் எடுக்கலாம். திருமணப் பதிவுச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள்.