32 சதுர அடியில் ஒரு தலைமாட்டுப் பலகை

பிளைவுட் கடையில் விலையைச் சதுர அடிக்குச் சொல்வார்கள். விற்பதோ முழு ஷீட்டாக. 8 அடிக்கு 4 அடி, ஆக 32 சதுர அடி. கட்டிலின் தலைமாட்டுக்கு வீட்டிலேயே பலகை செய்ய நினைப்பவர் இந்த 32இல் இருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். எந்த ரகம் என்பது அதற்குப் பிறகு.

5 அடி அகலக் கட்டிலை எடுத்துக்கொள்வோம். பலகை இரண்டரை அடி உயரம் என்றால் தேவை 12.5 சதுர அடி. ஷீட்டில் அந்த அளவுக்கு ஒரு துண்டுதான் தேறும், 19.5 சதுர அடி மிச்சம். உயரத்தை 2 அடியாகக் குறைத்தால் அதே ஷீட்டில் இரண்டு பலகைகள் வரும். வாள் தின்னும் 3 மில்லிமீட்டர் போக, இரண்டும் 2 அடிக்கு அரை நூல் குறைவாக இருக்கும், அவ்வளவே. மெத்தைக்குப் பின்னால் மறையும் பகுதிக்குப் பலகையே வேண்டாம். மெத்தையின் மேல்மட்டத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே தொடங்கினால், சாய்ந்து உட்காருபவரின் தோள்வரை 2 அடி தாங்கும்.

இப்போது பணம். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக 12 மி.மீ. எம்.ஆர். (ஈரம் தாங்கும்) பிளைவுட் சதுர அடி 60 ரூபாய், 18 மி.மீ. பி.டபிள்யூ.பி. (கொதிநீர் தாங்கும்) பிளைவுட் 130 ரூபாய் என்று வைப்போம். 60 ரூபாய்ப் பலகை ஷீட்டுக்கு 1,920. அதில் இரண்டரை அடித் துண்டு ஒன்றை மட்டும் வெட்டினால், பயன்பட்ட ஒரு சதுர அடிக்கு 153 ரூபாய்க்கு மேல் விழுகிறது. மலிவு ரகம், உயர்ந்த ரகத்தின் விலையையே தாண்டிவிட்டது! 2 அடியில் இரண்டு வெட்டினால் 96 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரரோடு ஷீட்டைப் பங்கிட்டால் ஆளுக்கு 960. மிஞ்சும் 3க்கு 4 அடித் துண்டில் கட்டிலோரச் சிறுமேசைக்கும் பலகை இருக்கிறது.

அடுத்தது எடை. சுவரில் மாட்டுவதாக இருந்தால் இதைப் பார்க்காமல் முடியாது. 10 சதுர அடிப் பலகை, 18 மி.மீ. கனத்தில், பிளைவுட் ஏறக்குறைய 10 கிலோ, எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) 12.5 கிலோ. 12 மி.மீ. பிளைவுட் 7 கிலோவுக்குள் அடங்கும். ஓரங்குலத் தேக்கு 15 கிலோ. கன அடிக் கணக்கில் 0.83, இழைப்பில் போவதையும் சேர்த்தால் 1 கன அடி வாங்க வேண்டும்.

பஞ்சு வைத்துத் துணி போர்த்தப் போகிறீர்களா? அப்படியானால் 18 மி.மீ. வீண்செலவு. 12 மி.மீ. எம்.ஆர். பலகையின் பின்னால் ரீப்பர் சட்டம் அடித்தால் போதும். கண்ணுக்கே தெரியாத பலகையில் மிச்சம் பிடித்ததை நல்ல பஞ்சில் போடுங்கள். கனமீட்டருக்கு 32 கிலோ அடர்த்தியுள்ள 2 அங்குலப் பஞ்சு இந்த அளவுக்கு ஒன்றரைக் கிலோ. துணியைச் சுற்றிலும் 5 அங்குலம் மடித்தால் 70க்கு 34 அங்குலம் தேவை. 54 அங்குல அகலத் துணியைப் படுக்கைவாட்டில் ஓட்டினால் 2 மீட்டரில் ஒட்டின்றி முடியும். கோடு, பூ நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் நடுவில் தையல் வரும்.

பெயின்ட் அடிக்க எம்.டி.எஃப். அழகு, ஆனால் வெட்டிய விளிம்பு நீர் குடித்து உப்பும். ஓதம் ஏறும் சுவரென்றால் 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனை கேட்கும் ஐ.எஸ். 710 பலகைதான். பார்ட்டிகிள் போர்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை கழற்றிய திருகு அதே துளையில் மறுபடி பிடிக்காது.

பலகையை ஒட்டும் பசையிலிருந்து பார்மால்டிஹைடு கசியும். இரவு முழுவதும் தலைக்கு ஓர் அடிக்குள் நிற்கப்போகும் பலகை இது. எந்த ரகமானாலும் ஈ1 முத்திரை கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய அளவுகோலில் அதன் வரம்பு கனமீட்டர் காற்றுக்கு 0.124 மில்லிகிராம். துணி போர்த்தும் முன் நான்கு விளிம்புகளுக்கும் பின்பக்கத்துக்கும் சீலர் அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.