வேலையாளுக்குக் கடையைக் கொடுத்த முதலாளி!

விலை ரூ.700, மாதத் தவணை ரூ.50

ஓட்டல் வைக்கக் கைப்பக்குவம் வேண்டும். பணமும் வேண்டும். கைப்பக்குவம் இருந்து, பணம் இல்லாவிட்டால் என்ன செய்வது?

கிருஷ்ணராவின் நிலை அதுதான்.

அவர் தென் கன்னடப் பகுதிக் கிராமத்தில் பிறந்தவர். உடுப்பி மடத்துச் சமையல் கட்டில் எடுபிடி வேலை பார்த்தார். பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார். தம்புச்செட்டித் தெருவில் ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். இது 1920-களில் நடந்தது.

தவணையில் ஓட்டல்

அவருக்கு ஓர் ஓட்டல்காரர் கை கொடுத்தார். ஆச்சாரப்பன் தெருவில் தமக்கு இருந்த ஓட்டலையே அவருக்குத் தர முன்வந்தார்! விலை 700 ரூபாய். அதையும் மொத்தமாகக் கேட்கவில்லை. மாதம் 50 ரூபாய் கொடுத்தால் போதும் என்றார். 14 மாதத்தில் கணக்குத் தீரும்.

கடை ஓடாவிட்டால் நஷ்டம் யாருக்கு? கொடுத்தவருக்கும்தான். அதே ஊரில், அதே தொழிலில் இன்னொருவர் வளர்ந்தால் தமக்குப் போட்டி ஆகுமே என்றும் அவர் தயங்கவில்லை.

மாளிகையில் ஓட்டல்

கிருஷ்ணராவ் முன்னேறினார். 1938-ல் ராயப்பேட்டையில், ராமநாதபுரம் ராஜாவின் மாளிகையில் "உட்லண்ட்ஸ்" ஓட்டலைத் திறந்தார். 1962-ல், காரில் இருந்தபடியே சாப்பிடும் "டிரைவ்-இன்" ஓட்டலும் வந்தது. அது 2008-ல் மூடப்பட்டது. அங்கே இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

உட்லண்ட்சில் தோசை சாப்பிட்டவர்கள் ஏராளம். அதற்கு அடிப்படையாக இருந்த அந்த 50 ரூபாய்த் தவணை, எத்தனை பேருக்குத் தெரியும்?