பிரண்டை: நாக்கை நமைக்கும் மருந்து

முதன்முதலாகப் பிரண்டை நறுக்குகிறவர்கள் அதே கையால் கண்ணைத் தேய்க்காமல் இருந்தால் பிழைத்தார்கள். பச்சைத் தண்டின் சாறு பட்ட இடம் நமைக்கத் தொடங்கிவிடும். சரியாக வதக்காத துவையலோ நாக்கையும் தொண்டையையும் ஒரு கை பார்த்துவிடும். தண்டுக்குள் கட்டுக்கட்டாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம். கண்ணுக்குத் தெரியாத இந்த ஊசிகள் தோலில் ஏறிக் குத்துகின்றன. சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் நமைப்பது இதே வகை ஊசிகளால்தான்.

பிரண்டை திராட்சைக் குடும்பத்துக் கொடி; தாவரவியல் பெயர் சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ். ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா, இலங்கை என்று வறண்ட வெப்ப நிலங்களில் எல்லாம் வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. கணுவுக்குக் கணு இடுங்கிய நாற்பட்டைத் தண்டு, கணுவில் ஓர் இலை, அதற்கு எதிரே ஒரு பற்றுச்சுருள். கோடையில் இலைகள் உதிர்ந்துவிடும். தண்டு மட்டும் பச்சையாகவே நிற்கும். அந்தத் தண்டின் பிழைப்பு சுவாரசியமானது. இலை மற்றச் செடிகளைப் போலப் பகலில் கரியமில வாயுவை எடுக்கிறது. தண்டோ கள்ளிச் செடிகளின் வழியில், இரவில் துளைகளைத் திறந்து வாயுவை அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, வெயில் வந்ததும் துளைகளை மூடிவிட்டு அதைச் செலவழிக்கிறது. தண்ணீர் ஆவியாகாமல் மிஞ்சும். ஒரே கொடியில் இரண்டு விதமான சமையல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் அடுப்புச் சமையலுக்கு நுனியிலுள்ள இளந்தண்டுகள் மட்டும்தான் ஆகும். முற்றிய தண்டு நாராக இருக்கும், நமைச்சலும் கூடுதல். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நான்கு விளிம்பிலும் இருக்கும் நாரை உரித்தெடுக்க வேண்டும். பிறகு நல்லெண்ணெயில் வதக்கல். இங்கேதான் பொறுமை வேண்டும்: பச்சை நிறம் மங்கி, துண்டுகள் சுருங்கிப் பழுப்பாகும்வரை இறக்கக் கூடாது. உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், பூண்டு, இஞ்சி எல்லாம் தனியே வறுத்து, வழக்கமான துவையலுக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் புளி வைத்து அரைத்தால் துவையல் தயார். புளியில் கஞ்சத்தனம் செய்தால் சாப்பிடும்போது தெரிந்துவிடும். பிராமண வீடுகளில் திதிச் சமையலுக்குப் பூண்டு இல்லாமல், மிளகாய்க்குப் பதில் மிளகு வைத்து இதே துவையலை அரைப்பார்கள். அப்பள மாவைப் பிசையும்போது பிரண்டைச் சாறு சேர்ப்பதும் பழைய வழக்கம்.

இனி எலும்பு விஷயம். ‘பிரண்டையில் கால்சியம் அதிகம், அதனால் எலும்பு வலுப்படும்’ என்று எழுதாத சமையல் குறிப்பு அபூர்வம். எனக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது. கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் ஒரு பகுதி, நாக்கை நமைக்கும் அந்த ஆக்சலேட் ஊசிகளிலேயே சிறைப்பட்டிருக்கிறது. ஆக்சலேட்டோடு பிணைந்த கால்சியத்தை நம் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. அப்படியே உறிஞ்சினாலும், தொட்டுக்கொள்ளும் ஒரு கரண்டித் துவையலிலிருந்து எவ்வளவு வந்துவிடும்? ஒரு தம்ளர் மோர் அதைவிட நம்பகமானது.

அதற்காக எலும்பு முறிவுக்குப் பிரண்டையை அரைத்துக் கட்டிய வைத்தியர்களைப் புறந்தள்ளிவிடவும் முடியாது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் கே.என். உடுப்பா 1960களில் இதைச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். கதிரியக்கக் கால்சியத்தைத் தடம்காட்டியாக வைத்து, விலங்குகளின் முறிந்த எலும்பு கூடும் வேகத்தை அவரும் சக ஆய்வாளரும் அளந்தார்கள். பிரண்டைச் சாரம் கொடுத்தவற்றுக்கு எலும்பு சீக்கிரம் கூடியது. ஆகவே, பலன் இருக்குமானால் அது செடியிலுள்ள கால்சியத்தால் அல்ல, எலும்பு செல்களைத் தூண்டும் வேறு சேர்மங்களால் என்றே பலரும் கருதுகிறார்கள். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுதான் முதலில். துவையல் அதற்குப் பிறகு.

வெளிநாடுகளில் ‘சிஸ்ஸஸ்’ என்ற பெயரில் மாத்திரையாக விற்கிறார்கள். மூட்டு வலிக்கு, உடற்பயிற்சிக்காரர்களுக்கு, எடை குறைக்க என்று விளம்பரம் நீள்கிறது. எடைக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் கேமரூனில் நடந்த சிறு ஆய்வுகள். அவற்றில் சிலவற்றில் பிரண்டையோடு வேறு பொருள்களும் கலந்திருந்தன. மெலிந்ததற்கு எதைக் காரணம் சொல்வது?

சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள் பிரண்டையை அடிக்கடி சேர்க்காமல் இருப்பது நல்லது. கர்ப்பிணிகளும், தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் சாறாகவோ மாத்திரையாகவோ சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பச்சைச் சாற்றை யாரும் குடிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் இரண்டு கணு உள்ள துண்டு ஒன்றைத் தொட்டியில் ஊன்றிவைக்கலாம். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், அநேகமாக எந்த மண்ணிலும் வேர் பிடித்துவிடும்.