உங்களுக்குத் தெரியுமா? காசளவு பற்றரி இணையத்தையே பூட்டிவிடும்!

வங்கித் தளம் திறக்காது. மின்னஞ்சலும் திறக்காது. 'பாதுகாப்பற்ற தளம்' என்று கணினி மிரட்டும். இணைப்பிலும் பிழையில்லை, வைரசும் இல்லை. தாய்ப்பலகையில் இருக்கும் காசளவு பற்றரி செத்திருந்தாலே இப்படி நடக்கும்.

• பற்றரி போனால் கணினியின் மணிக்கூடு பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2009இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை!

• கடையில் கேட்கவேண்டியது 'சி.ஆர். 2032'. எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மி.மீ., தடிப்பு 3.2 மி.மீ. மின்னழுத்தம் 3 வோல்ட். மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.

• ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பிளக்கைக் கழற்றி வைக்கிறீர்களா? நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் அந்த நேரமெல்லாம் மணிக்கூட்டை ஓட்டுவது இந்தப் பற்றரிதான். அதனால் கெதியாய் இறங்கும்.

• 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வரக்கூடாத சாமான்களில் பற்றரியும் ஒன்று. மின்சாரமும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் சனம் றேடியோவில் செய்தி கேட்டது. இன்று கடையில் கிடைக்கும் இந்தக் காசளவு பற்றரியை மாற்றாமல் புதுக் கணினிக்கு விலை கேட்பது அநியாயம்.

• திரையே வராமல் 'பீப்' சத்தம் மட்டும் கேட்டால் பற்றரியை விட்டு நினைவகத்தைச் சந்தேகியுங்கள். பிளக்கைக் கழற்றி, நினைவகப் பலகையை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள்.