21 நாளைக்கு ஒரு ஊசி

இந்தியாவின் முதல் பெண் இதய நோய் நிபுணர் என்று அறியப்படும் டாக்டர் எஸ். பத்மாவதி 1953-ல் டெல்லி லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அப்போது இதய நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் கணிசமானோர் இளவயதினர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், முதல் பிரசவத்தின்போது மூச்சுவாங்கி வந்து சேர்ந்த பெண்கள் என்று பலரும் அதில் இருந்தனர். இவர்களுடைய நோய்க்குக் கொழுப்போ சர்க்கரையோ காரணம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் வந்து, யாரும் பொருட்படுத்தாமல் விட்ட ஒரு தொண்டைப் புண்ணே காரணம்.

அந்த நோயின் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையைத் தாக்குகிறது. வலியும் காய்ச்சலும் சில நாளில் தாமாகவே அடங்கிவிடும். இரண்டு, மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும். அது வற்றும்போது கணுக்காலோ முழங்கையோ வீங்கும். சில குழந்தைகளுக்குக் கைகால்கள் தம் வசமின்றி ஆடும். பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள புரதமும் இதயத் திசுவின் சில புரதங்களும் ஒத்த அமைப்புடையவை. அதனால் கிருமியை அழிக்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகு இதயத்தின் மேல் திரும்புகிறது. மூட்டு தழும்பில்லாமல் குணமாகிவிடும். இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள மைட்ரல் வால்வு அப்படித் தப்புவதில்லை. அது தடித்து, ஓரங்கள் ஒட்டிச் சுருங்குகிறது, அல்லது சரியாக மூடாமல் கசிகிறது. நோய் முதல்முறையோடு நிற்பதும் இல்லை. அடுத்த தொண்டைத் தொற்று வந்தால் காய்ச்சல் திரும்பும். ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கொஞ்சம் கெடும்.

பத்மாவதி 1917 ஜூன் 20 அன்று பர்மாவின் மாக்வேயில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்திருந்த நிலையில், 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தது. தாயோடும் சகோதரிகளோடும் விமானத்தில் தப்பி, கோயம்புத்தூரில் வந்து தங்கினார். குடும்பத்தின் ஆண்கள் பர்மாவிலேயே இருந்துவிட்டார்கள். போர்க்காலம் முடிந்த பிறகு லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் மேற்படிப்புக்குப் போனார். ஸ்வீடனில் சில மாதம் இதய மருத்துவம் பயின்றார். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தைகள் இதய மருத்துவத்தின் முன்னோடியான ஹெலன் டௌசிக்கிடமும், ஹார்வர்டில் பால் டட்லி ஒயிட்டிடமும் பயிற்சி பெற்றார். இந்த இரண்டு ஆசிரியர்களும் அமைந்தது அவருடைய பிற்கால வேலைக்குப் பொருத்தமாகவே இருந்தது. ஒருவர் குழந்தைகளின் இதயத்தைப் பார்த்தவர். மற்றவர் இதய நோயை ஊர்மக்கள் அளவில், வருமுன் காக்கும் நோக்கில் பார்த்தவர்.

டெல்லி வேலையை அவருக்கு அளித்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். 1954-ல் அங்கே ஓர் இதய நோய்ப் பிரிவு தொடங்கியது. பிறகு ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியால், இதயத்துக்குள் குழாய் செலுத்திப் பரிசோதிக்கும் கூடமும் வந்தது. ஆனால் பத்மாவதியின் முக்கியமான பங்களிப்பு கருவியில் இல்லை, கணக்கெடுப்பில் இருந்தது. ருமாட்டிக் காய்ச்சல் குளிர்நாட்டு நோய், வெப்ப நாடுகளில் அது அபூர்வம் என்று காலனிய கால மருத்துவர்கள் பலர் எழுதியிருந்தார்கள். யாரும் தேடாததால் கண்ணில் படாத நோய் அது என்று சொல்வதே சரி. 1962-ல் அமெரிக்க இதய மருத்துவ இதழான சர்குலேஷனில், இந்தியாவின் இதய நோய்ப் பரவல் குறித்து பத்மாவதி இரண்டு கட்டுரைகள் எழுதினார். முதல் கட்டுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட நோய் ருமாட்டிக் இதய நோய். மாரடைப்பு இரண்டாவதாகவே வந்தது. அடுத்த ஆண்டே அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுஜாய் ராயும் வி. ராமலிங்கசாமி முதலானோரும் லான்செட் இதழில் இன்னொரு செய்தியைச் சேர்த்தார்கள். மேற்கு நாடுகளில் வால்வு சுருங்கப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இந்தியாவிலோ பதின்ம வயதிலேயே சுருங்கிவிடுகிறது.

நுரையீரல் பழுதால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கும் நோயையும் பத்மாவதி ஆராய்ந்தார். டெல்லியில் 127 நோயாளிகளை வைத்து அவரும் சக ஆய்வாளர் பதக்கும் 1959-ல் வெளியிட்ட ஆய்வில், புகைபிடிக்காத பெண்களிடம் அந்த நோய் அதிகமாக இருந்தது. வறட்டி அடுப்புப் புகையை அவர்கள் சந்தேகித்தார்கள். வீட்டுப் புகையைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியது வெகு காலம் கழித்துத்தான்.

ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கும் வழியோ பத்மாவதியின் கணக்கெடுப்புக்கு முன்பே தெரிந்திருந்தது. 1950-ஐ ஒட்டி அமெரிக்காவின் வயோமிங்கில் உள்ள ஒரு விமானப்படைத் தளத்தில், தொண்டைப் புண் வந்த வீரர்களுக்கு ராமல்காம்ப் குழுவினர் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்குப் பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வருவது மிகவும் குறைந்தது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாள் வரை தாமதித்தாலும் பலன் இருந்தது. அடுத்து வந்த பென்சத்தீன் பெனிசிலின் தசையில் போட்டால் மெல்லக் கரைந்து வாரக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தவருக்கு 12 லட்சம் யூனிட்டை மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டுவந்தால், மறுபடி தொற்று வருவது மிகவும் குறையும். புணே அருகே பிம்ப்ரியில் அரசு நிறுவிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை 1950-களின் நடுவில் பெனிசிலின் தயாரிக்கத் தொடங்கியதால், மருந்துக்கு வெளிநாட்டை மட்டுமே நம்பியிருக்கும் நிலையும் மாறியது.

மருந்து மலிவு, அதை விடாமல் போடுவது கடினம். 21 நாளைக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 17 ஊசி. வால்வு பாதிக்கப்படாதவர்களுக்கே குறைந்தது 5 ஆண்டு போட வேண்டும். வால்வு பழுதானவர்களுக்கு 10 ஆண்டு, கடுமையாகப் பழுதானவர்களுக்கு 40 வயது வரை அல்லது ஆயுள் முழுக்க. சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டியில் அரளிப்பூ பறிக்கப் போகும் ஒரு தாய், காய்ச்சலும் வலியும் இல்லாமல் ஓடியாடும் பிள்ளையை ஊசிக்காக ஒரு நாள் கூலியை விட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும் என்றால், சில தடவைக்குப் பிறகு அது நின்றுபோவதில் வியப்பில்லை. ஊசியும் வலி மிகுந்தது. கெட்டியான மருந்து, பெரிய ஊசி. ஊருக்குள்ளேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர்ப் பதிவேடு வைத்து, தவறியவரைத் தேடிப்போய்ப் போடும் ஏற்பாடு இருக்கும் இடத்தில்தான் இந்தச் சிகிச்சை நிலைக்கிறது. ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில் சண்டிகர் மருத்துவர்கள் அப்படித்தான் செய்து காட்டினார்கள். அங்கே பள்ளி ஆசிரியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் நோயாளிகளைக் கண்டுபிடித்து அனுப்பினார்கள்.

இன்னொரு தடை மருத்துவர்களின் பயம். பெனிசிலின் ஒவ்வாமையால் உயிர் போய்விடும் என்று அஞ்சிப் பல கிளினிக்குகள் இந்த ஊசியையே கைவிட்டன. 11 நாடுகளில் 1,790 நோயாளிகளுக்குப் போடப்பட்ட 32,430 ஊசிகளைக் கணக்கெடுத்து 1991-ல் வெளிவந்த ஆய்வில், கடும் ஒவ்வாமை வந்தது 4 பேருக்கு, இறந்தவர் ஒருவர். வால்வு மிகவும் கெட்டவர்களுக்கு ஊசி போட்டவுடன் நேரும் மரணங்களில் சில, ஒவ்வாமையால் அல்லாமல் பலவீனமான இதயம் தடுமாறுவதால் நேர்கின்றன என்று அமெரிக்க இதயச் சங்கம் 2022-ல் சுட்டிக்காட்டியது. இத்தனை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் இந்தக் கிருமி பெனிசிலினுக்கு முழு எதிர்ப்பு பெறவில்லை. மற்ற பாக்டீரியாக்களின் கதையை அறிந்தவர்களுக்கு இது அதிசயம்தான்.

தமிழ்நாட்டில் இந்த நோயைத் தொடர்ந்து கவனித்த இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. கிரேஸ் கோஷி, வி. பெஞ்சமின், ஜார்ஜ் செரியன் ஆகியோர் கிராமப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1981-ல் உலக சுகாதார நிறுவன இதழில் வந்தது. அதே வட்டாரத்தில் 2001-02-ல் இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, ஆயிரத்துக்கு 0.68 பேருக்கு மட்டுமே ருமாட்டிக் இதய நோய் இருந்தது. முன்பைவிட இது நல்ல இறக்கம். ஊசி மட்டும் இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. வீட்டில் நெருக்கம் குறைந்ததும், தொண்டை வலிக்கு டாக்டரிடம் போகும் பழக்கம் வந்ததும் சேர்ந்தே வேலை செய்திருக்கும்.

தடுக்கத் தவறி வால்வு மிகவும் கெட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வால்வே மாற்ற வேண்டியவர்களுக்கு இறக்குமதி வால்வு எட்டாத விலையில் இருந்தது. எம்.எஸ். வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. இந்த வால்வைப் பொருத்திக்கொண்டவர் ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும்.

தொற்றுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு ருமாட்டிக் காய்ச்சலோடு முடியாது என்ற நம்பிக்கை 1988-ல் பின்லாந்தில் எழுந்தது. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் கிளமிடியா நிமோனியே என்ற கிருமிக்கான எதிர்ப்பொருள் மிகுதியாக இருப்பதை சைக்கு குழுவினர் கண்டார்கள். 1997-ல் லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் ஆஸ்பத்திரியில் சந்தீப் குப்தாவும் சகாக்களும் மாரடைப்பிலிருந்து பிழைத்த சிலருக்குச் சில நாள் அசித்ரோமைசின் கொடுத்தபோது, மறுபாதிப்பு குறைந்தது போல் தெரிந்தது. ஆன்டிபயாடிக்கே மாரடைப்பைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பு கிளம்பியது. பெரிய ஆய்வுகள் அதை அடக்கிவிட்டன. 4,012 பேருக்கு ஓராண்டு வாரம் ஒரு மாத்திரை கொடுத்த ஏசஸ் ஆய்வும், 7,700-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற விசார்ட் ஆய்வும் பலன் எதையும் காணவில்லை. டென்மார்க்கில் கிளாரித்ரோமைசின் கொடுத்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. அசித்ரோமைசின் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தடுமாற வைக்கக்கூடும் என்பதும் பிறகு தெரிந்தது. 2012-ல் வெளியான அமெரிக்கக் கணக்குப்படி, பத்து லட்சம் தடவை மருந்து கொடுத்தால் கூடுதலாக 47 இதய மரணங்கள் நேரலாம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை அதுதான்.

பெனிசிலின் ஊசியின் பக்கமோ ஆதாரம் வலுத்துக்கொண்டே வந்தது. எக்கோ பரிசோதனையில் மட்டும் தெரியும் ஆரம்ப நிலை வால்வுப் பாதிப்பு உள்ள 818 உகாண்டா சிறுவர்களிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. இரண்டு ஆண்டு ஊசி போட்டவர்களில் நோய் முற்றியது 0.8 சதவீதம், போடாதவர்களில் 8.2 சதவீதம்.

பத்மாவதி 1962-ல் அகில இந்திய இதய அறக்கட்டளையைத் தொடங்கினார். 1966-ல் டெல்லியில் உலக இதய மருத்துவ மாநாடு நடந்தபோது பொதுச் செயலாளராக இருந்தார். 1967-ல் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு பத்ம பூஷண், 1992-ல் பத்ம விபூஷண். ஓய்வுக்குப் பின் 1981-ல் அவர் நிறுவிய தேசிய இதய நிலையத்திலேயே, 2020 ஆகஸ்ட் 29 அன்று, கொரோனா தொற்றால் தம் 103-வது வயதில் இறந்தார்.