காற்றிலிருந்து கரண்ட் மூலம் உரம்: எந்த உலோகத்தால் முடியும்?

பாகூர் பக்கம் நடவு முடிந்த கையோடு காதில் விழும் கேள்வி, "யூரியா வந்துடுச்சா?" என்பதுதான். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பகுதி அது. 45 கிலோ மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. உண்மையான செலவு அதைப்போலப் பல மடங்கு. மீதியை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கிறது. யூரியாவுக்கு அடிப்படை அம்மோனியா, அம்மோனியாவுக்கு அடிப்படை இயற்கை எரிவாயு. அந்த எரிவாயுவில் பெரும் பங்கு கப்பலில் வந்து இறங்குகிறது. வளைகுடாவில் பதற்றம் என்றால் உரத்துக்கும் சேர்த்து இங்கே கவலைப்படுவது அதனால்தான்.

இத்தனைக்கும் பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் வயலுக்கு மேலேயே கிடக்கிறது. காற்றில் 78 சதவீதம் அதுதான். ஒரு உலோகத் தகடு, கொஞ்சம் தண்ணீர், சோலார் மின்சாரம். இவற்றை வைத்தே காற்றை அம்மோனியாவாக்க முடியுமா? உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் இதற்குப் பின்னால் ஓடுகின்றன.

காலாப்பட்டில் முடிகிறதே!

மின்சாரத்தால் ரசாயனம் தயாரிப்பது புதுச்சேரிக்குப் புதிதல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் காலாப்பட்டு. அங்குள்ள செம்ஃபேப் ஆல்கலிஸ் ஆலை, உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறது. பொதுவாக இவ்வகை ஆலைகளில் நேர்மின்வாயாக இருப்பது டைட்டானியத் தகடு. அதன்மேல் ருத்தேனியம் ஆக்சைடு கலந்த மெல்லிய பூச்சு. வேலை நடப்பது அந்தப் பூச்சில்தான். தான் தீர்ந்துபோகாமல் வினையை மட்டும் சுலபமாக்கித் தரும் இத்தகைய பொருளைத்தான் வினையூக்கி என்கிறோம்.

சரி, உப்புக்கு நடப்பது நைட்ரஜனுக்கு ஏன் நடப்பதில்லை? காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் கோத்துக்கொண்டு இருக்கின்றன. ஒரு மோல் அளவு நைட்ரஜனில் இந்தக் கட்டை முழுதாக அறுக்க சுமார் 940 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இயற்கையில் உள்ள மிக உறுதியான பிணைப்புகளில் இதுவும் ஒன்று.

ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் பயன்படுத்திய ஆஸ்மியம் கிடைப்பதற்கரிய உலோகம். பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, கடைசியில் கொஞ்சம் அலுமினா, பொட்டாஷ் சேர்த்த சாதாரண இரும்பில் வந்து நின்றார். 1913இல் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றும் பெரும்பாலான ஆலைகளில் அதே இரும்புதான். ஆனால் 400 முதல் 500 டிகிரி வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல 100 மடங்குக்கு மேல் அழுத்தமும் தேவை. ஹைட்ரஜனை எரிவாயுவிலிருந்து எடுப்பதால் ஒரு டன் அம்மோனியாவுக்கு சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது.

மின்சாரத்தைக் கலந்து பார்க்கும் யோசனை இந்தியாவுக்கும் பழையதுதான். 1961இல் தொடங்கிய பஞ்சாபின் நங்கல் உர ஆலை, பக்ரா அணையின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தது. இன்று 'பசுமை அம்மோனியா' என்று சொல்லப்படுவது கிட்டத்தட்ட அதே வழி. மின்சாரம் ஹைட்ரஜனோடு நின்றுவிடும். அதன்பின் ஹேபரின் கொதிகலன்தான். அந்தக் கொதிகலனும் வேண்டாம், ஒரே படியில் முடித்துவிடலாம் என்பதுதான் புதிய கனவு.

தகட்டின் மேல் நடக்கும் போட்டி

உலோகத் தகட்டைத் தண்ணீரில் வைத்து மின்சாரம் கொடுத்தால், எலக்ட்ரான்களுக்கு இரண்டு வழி. ஒன்று, நைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியா ஆவது. இன்னொன்று, தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனைக் குமிழியாக்கி விடுவது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம். ஒன்று சுலபமான வேலை, மற்றது கஷ்டமான வேலை. எலக்ட்ரான் எதைத் தேடிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2012இல் டென்மார்க், ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கணினிக் கணக்கு ஒன்றைப் போட்டார்கள். தங்கம், வெள்ளி போன்றவை நைட்ரஜனைத் தொடவே மாட்டா. நைட்ரஜனை இறுக்கிப் பிடிக்கும் உலோகங்கள் பிறகு விடமாட்டா. நடுவில், உச்சிக்கு அருகில், இரும்பு, ருத்தேனியம், மாலிப்டினம், ரோடியம். ஆனால் இவற்றின் மேற்பரப்பையும் ஹைட்ரஜனே முந்தி அடைத்துக்கொள்ளும் என்றது அதே கணக்கு. ஸ்காண்டியம், இட்ரியம், டைட்டானியம், சிர்கோனியம் ஆகியவற்றில் மட்டும் நைட்ரஜனுக்குக் கொஞ்சம் முன்னுரிமை தெரிந்தது. ஆனால் அவை தண்ணீரில் சட்டென்று ஆக்சைடு பூத்துக்கொள்ளும் சாதி.

அந்த அம்மோனியா எங்கிருந்து வந்தது?

இதற்குப் பிறகும் தங்கத்தில், பிஸ்மத்தில், உலோகமே இல்லாத கார்பனில்கூட அம்மோனியா கிடைத்ததாகக் கட்டுரைகள் குவிந்தன. இங்கேதான் துப்பறியும் கதை ஆரம்பம்.

கிடைத்ததாகச் சொன்ன அளவு மிகமிகக் குறைவு. பல சமயம் ஒரு லிட்டர் கரைசலில் மில்லிகிராம்கூட இல்லை. அம்மோனியாவோ மனித மூச்சில் இருக்கும், வியர்வையில் இருக்கும், ஆய்வகக் காற்றில், ரப்பர் கையுறையில் இருக்கும். நைட்ரஜன் சிலிண்டரிலேயே நைட்ரிக் ஆக்சைடு மாசு கலந்திருக்கலாம். அது நைட்ரஜனைவிடப் பன்மடங்கு சுலபமாக அம்மோனியாவாகிவிடும். வினையூக்கி ஒன்றும் செய்யாமலே 'வெற்றி' கிடைத்துவிடும்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. இயற்கை நைட்ரஜனில் 0.4 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள நைட்ரஜன்-15 என்ற கனமான வகையை மட்டும் செலுத்திப் பார்ப்பது. வெளிவரும் அம்மோனியாவிலும் கனமான அணுவே இருந்தால்தான் அது வாயுவிலிருந்து வந்தது. அந்த வாயுவையும் முதலில் மாசு நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். 2019இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் இந்தக் கறாரான முறையை வெளியிட்டார்கள். மறுஆண்டு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அலசி, பெரும்பாலானவற்றில் நிரூபணம் போதாது என்றது. ஒரு துறை தன் குப்பையைத் தானே கூட்டியது என்று சொல்லலாம், பாராட்டத்தக்க காரியம்.

தேறியது லித்தியம்

சோதனையில் தேறியது லித்தியம் வழி. 1930லேயே ஃபிக்டர் என்ற வேதியியலாளர் முயன்ற வழிதான். லித்தியம் உலோகம் அறை வெப்பத்திலேயே நைட்ரஜனைப் பிடித்து நைட்ரைடு ஆகும். அதற்குக் கொஞ்சம் ஆல்கஹால் கொடுத்தால் அம்மோனியா. தண்ணீர் ஆகாது என்பதால் கரிமக் கரைப்பானில்தான் நடக்கும். 2022இல் மோனாஷ் குழு, 15 பார் அழுத்தத்தில், கொடுத்த எலக்ட்ரானில் கிட்டத்தட்ட 100 சதவீதமும் அம்மோனியாவுக்கே போனதாகக் காட்டியது.

அப்படியென்றால் வேலை முடிந்ததா? மின்சாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். லித்தியத்தை உலோகமாக்கவே சுமார் 3 வோல்ட் வேண்டும். ஒரு எலக்ட்ரான்கூட வீணாகாவிட்டாலும், கிலோ அம்மோனியாவுக்கு 14 யூனிட்டுக்குக் குறையாது. தண்ணீரைப் பிரித்து ஹேபர் வழியில் போனால் மொத்தமே சுமார் 10 யூனிட். பாகூரின் ஒரு மூட்டை யூரியாவுக்கு 25 கிலோ சொச்சம் அம்மோனியா தேவை. சிக்கனமான வழியில் போனாலும் 250 யூனிட் கரண்ட். ஒரு யூனிட் 4 ரூபாய் என்று வைத்தால் 1,000 ரூபாய். மூட்டை விலை 266.

இதனால்தான் பெரிய முதலீடுகள் இப்போதைக்கு நங்கல் பாணியிலேயே போகின்றன. ஒற்றைப் படி வழிக்கு ஆசை குறையாததற்கும் காரணம் உண்டு. பெரிய ஆலை என்றால் கப்பல், தொட்டி, குழாய். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறலோடு பலர் மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தது. தேவையான இடத்தில் சிறிதளவு தயாரித்தால் அந்த அளவு சேமிப்பு வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், கழிவுநீரிலுள்ள நைட்ரேட்டை அம்மோனியாவாக்கும் ஆய்வு வேகமெடுத்துள்ளது. அங்கே மும்மைப் பிணைப்பு இல்லை. செம்பும், செம்பில் சிட்டிகை ருத்தேனியமும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அந்த நைட்ரேட்டும் பல இடங்களில் ஏற்கெனவே வயலில் போட்ட யூரியாவிலிருந்து வந்ததுதான்.

நெல் வயலில் விடும் அசோலாவுக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி, இதே வேலையைக் கொதிகலன் இல்லாமல் செய்கிறது. அதன் நொதியில் இருப்பதும் இரும்பும் மாலிப்டினமும்தான். அந்த நொதிகூட எட்டு எலக்ட்ரானில் ஆறைத்தான் அம்மோனியாவுக்குக் கொடுக்கிறது; இரண்டு ஹைட்ரஜனாகப் போய்விடுகிறது.