பிரம்புக்குப் பின்னால் நின்ற ஊர்

அப்போதெல்லாம் பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பா தலைமையாசிரியரிடம் தவறாமல் சொல்வார்: "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்." பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கோதண்டம் மறைந்துவிட்டாலும் மேசைமேல் மூங்கில் பிரம்பு இருந்தது, இல்லையென்றால் புளியம்விளார். அதை ஒடித்து வரும் வேலையும் அடி வாங்கப்போகிறவனுக்கே. கை சிவந்து வீட்டுக்குப் போனால், "நீ என்ன செஞ்சே?" என்று அங்கே இன்னும் இரண்டு விழும்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அடிக்குப் பயந்து படிப்பை விட்டு மாடு மேய்க்கப் போனவர்களும் அந்தக் காலத்தவர்கள்தாம். 2003-இல் தமிழக அரசு பள்ளிகளில் உடல்தண்டனைக்குத் தடை போட்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதோடு மன உளைச்சல் தருவதையும் தடுத்தது. தேவையான தடைதான்.

பிரம்பு போன கையில் சிவப்பு மைப் பேனா மிஞ்சியது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். பள்ளி நாட்குறிப்பில் அவர் எழுதிய குறைகளே காரணமாகச் சொல்லப்பட்டன. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் சக மாணவனை அரிவாளால் வெட்டிய எட்டாம் வகுப்பு மாணவனைத் தடுக்கப்போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது.

இன்றைய விதிகள் வேறு. தவறு செய்தவனுக்கு முதலில் ஆலோசனை; மீண்டும் செய்தால் ஐந்து திருக்குறளைப் பொருளோடு எழுதிக் காட்டவேண்டும் என்கிறது 2022-இல் கல்வித்துறை தந்த வழிகாட்டுதல். இது மாணவனுக்கு; ஆசிரியரின் பாதுகாப்புக்கு என்ன? மருத்துவர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. தங்களுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்கின்றன.

சட்டம் வரட்டும். ஆனால் அது அடி விழுந்த பிறகு வந்து நிற்பது. பிரம்பின் பலம் மூங்கிலில் இருந்ததில்லை. வாத்தியாருக்குப் பின்னால் ஒரு ஊரே நின்றது. இன்று ஸ்டாஃப் ரூமில் நாட்குறிப்பைத் திறந்து வைத்து, எழுதுவோமா வேண்டாமா என்று தயங்கும் ஆசிரியைக்குப் பின்னால் யாருமில்லை. எழுதினால் கீழே அவர் கையெழுத்து மட்டும்தான்; பையனின் கோபமும் அந்த ஒரு பெயர்மேல்தான். தலைமையாசிரியர், ஆலோசகர், பெற்றோர் எல்லோரும் அவனை நடுவில் உட்காரவைத்துப் பேசி, கூடவே கையெழுத்துப் போடட்டும். அப்போது பேனாவைப் பிடித்திருக்கும் அந்தக் கை நடுங்காது.